வன்தட்டு சும்மா இருக்கிறது, திரை மட்டும் நகரவில்லை: கேர்னலின் ஐஓ மட்டுப்படுத்தலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஐஓ என்றால் வன்தட்டில் வாசிப்பதும் எழுதுவதும். கேர்னல் என்றால் இயங்குதளத்தின் மையப் பகுதி. அது ஐஓவின் வேகத்தை அடக்கி வைப்பதுதான் மட்டுப்படுத்தல். கேள்வியின் சுருக்கம் இது. தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டக் காரியாலயம். ஒரே சேர்வர்: உபுண்டு 22.04, 8 கிகாபைட் நினைவகம், 7200 சுற்று வன்தட்டு ஒன்று. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் கொழுந்து நிறுவையும் செக்ரோலும் (தொழிலாளர் சம்பளப் பதிவு). மாலை 5 மணிக்கு மடுவங்களிலிருந்து (கொழுந்து நிறுக்கும் கொட்டில்கள்) அந்தி நிறுவைக் கணக்கு வந்து ஏறும். அதே நேரத்தில்தான் தரவைப் பிரதியெடுத்து வைக்கும் காப்பெடுப்பும் ஓடும். திரை உறைகிறது என்று கிளாக்கர்மார் சொன்னதால், காப்பெடுக்கும் சேவைக்கு, சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் எழுத்து வேக வரம்பு 20 எம் (விநாடிக்கு 20 மெகாபைட்) என்று வைத்திருக்கிறீர்கள். முன்பு மூன்று நிமிடம் உறைந்த திரை இப்போது ஏழு நிமிடம் உறைகிறது. வன்தட்டின் வேலையை அளக்கும் ஐஓஸ்டாட் கட்டளையில் அதன் பயன்பாடு 35 வீதத்தைத் தாண்டவில்லை. வரம்பு வேலை செய்கிறதா, செய்தால் அதை எங்கே பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரம்பு வேலை செய்கிறது. பெரும்பாலும் அதுவே திரையை உறைய வைக்கிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் என் சொல்லை நம்பி எதையும் மாற்ற வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள். கட்டளை, கோப்புப் பெயர்களைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், புள்ளியும் சாய்கோடும் இங்கே உள்ள இடத்திலேயே வரும். கேர்னல் பெயர்களுக்குள் வரும் இடைக்கோட்டுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள்.

முதலில் ஒரு குறையைத் தெரிந்துகொள்ளுங்கள். சிபியூவை மட்டுப்படுத்தினால் கேர்னல் அதைக் கணக்கு வைத்துச் சொல்லும். சிபியூ.ஸ்டாட் கோப்பைத் திறந்தால் எத்தனை தடவை, எத்தனை மைக்ரோ விநாடி நிறுத்தி வைத்தது என்று நேரடியாக எண் இருக்கும். செயல்முறைகளைக் குழுவாக்கி வரம்பு வைக்கும் கேர்னல் வசதி சிகுரூப். வன்தட்டு ஐஓவுக்கு அப்படி ஓர் எண் அதன் இரண்டாம் பதிப்பில் இல்லை. ஐஓ.ஸ்டாட் கோப்பில் எத்தனை பைட் போனது, எத்தனை தடவை போனது என்பது மட்டும்தான். “மறித்தேன்” என்று எந்த வரியும் சொல்லாது. அதனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

லயத்துப் பீலியை (தொழிலாளர் குடியிருப்பின் தண்ணீர்க் குழாய்) நினைத்துக்கொள்ளுங்கள். குடங்களோடு வரிசை நீள்கிறது. மேலே தொட்டி வற்றிக் கிடந்தால் தண்ணீரே இல்லை. தொட்டி நிரம்பி வழியும்போதும் வரிசை நீண்டால், இடையில் யாரோ வால்வைத் திருகியிருக்கிறார்கள். ஐஓவிலும் அதேதான். காத்திருப்பு அதிகம், வன்தட்டும் மும்முரம் என்றால் வன்தட்டுதான் போதவில்லை. காத்திருப்பு அதிகம், வன்தட்டு சும்மா என்றால் நடுவில் மட்டுப்படுத்தல் இருக்கிறது.

ஐஓஸ்டாட் மட்டும் பார்த்து ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு புரோகிராம் கேட்கும் வாசிப்பும் எழுத்தும் பயோ என்ற சிறு பொதியாகக் கேர்னலின் பிளாக் அடுக்குக்கு வருகிறது. ஐஓ.மேக்ஸ் வரம்பு (சிஸ்டம்டியில் நீங்கள் வைத்தது சிகுரூப்பில் பதியும் பெயர்) அந்த வாசலிலேயே பொதியை நிறுத்தி வைக்கும். வரம்புக்குள் இடம் வந்த பிறகுதான் அது கோரிக்கையாகி, கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலருக்கும் அங்கிருந்து வன்தட்டை இயக்கும் டிரைவருக்கும் போகிறது. ஐஓஸ்டாட்டின் அவெயிட் (ஒரு கோரிக்கை முடிய எடுக்கும் சராசரி நேரம்) கணக்கு தொடங்குவது கோரிக்கை உருவான பிறகு. வாசலில் நின்ற நேரம் அதில் சேராது. ஆகவே கடுமையாக மட்டுப்படுத்திய வன்தட்டு ஐஓஸ்டாட்டில் மிக ஆரோக்கியமாகத் தெரியும்.

இனி அளவுக்கு வருவோம். நீங்கள் வரம்பு வைத்த குழுவில்தான் காப்பெடுப்பு ஓடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஓடும்போது அதன் செயல்முறை எண்ணை எடுத்து, /ப்ரொக்/எண்/சிகுரூப் கோப்பை வாசியுங்கள். சிஸ்டம்.ஸ்லைஸுக்குக் கீழே உங்கள் சேவையின் பெயர் வர வேண்டும். பழைய க்ரொன் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் சேவை) வரி நீக்கப்படாமல் இருந்தால் அங்கே க்ரொன்.சேர்விஸ் என்று வரும். அப்போது நீங்கள் வைத்த வரம்பு ஆளில்லாத வீட்டுக்குப் போட்ட பூட்டு.

அடுத்து அந்தக் குழுவின் அடைவுக்குள் ஐஓ.மேக்ஸ். அதில் 8:0 என்ற வன்தட்டு எண்ணும் டபிள்யூபிபிஎஸ்=20000000 (விநாடிக்கு எழுதக்கூடிய பைட்) என்பதும் இருக்க வேண்டும். சிஸ்டம்டியில் எம் என்றால் 1000 × 1000. 20971520 என்று எதிர்பார்த்துக் குழம்ப வேண்டாம். கையால் எழுதுவதானால் முழு வன்தட்டின் எண்ணையே கொடுங்கள். 8:1, 8:2 போன்ற பகுதி எண்ணைக் கொடுத்தால் அப்படி ஒரு சாதனம் இல்லை என்று பிழை வரும். எண்களை எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும்.

எல்விஎம் (வன்தட்டின் மேல் அமைக்கும் தருக்கப் பிரிவு அடுக்கு) இருந்தால் ஒரு நல்ல தடயமும் கிடைக்கும். உபுண்டு சேர்வர் நிறுவல் வழக்கமாக எல்விஎம் போட்டுவிடும். அப்போது கோப்புமுறைமை 253:0 போன்ற ஒரு மேல் சாதனத்தில் இருக்கும், 8:0 அதற்குக் கீழே. வரம்பு கீழே இருந்தால், ஐஓஸ்டாட்டில் மேல் சாதனத்தின் அவெயிட் ஏறியிருக்கும், கீழ் வன்தட்டின் அவெயிட் இறங்கியிருக்கும். இரண்டுக்கும் இடையிலான அந்த வித்தியாசம்தான் வாசலில் நின்ற நேரம். இன்னொன்று, ஐஓ.ஸ்டாட்டில் இரண்டு சாதனங்களும் தனித்தனி வரியாக வரும். அவற்றைக் கூட்டாதீர்கள், ஒரே பைட்டை இரண்டு தடவை எண்ணுவீர்கள்.

இப்போது ஐஓ.ஸ்டாட்டைப் பத்து விநாடி இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். டபிள்யூபைட்ஸ் (எழுதிய பைட்) 5,210,000,000 ஆக இருந்து 5,409,800,000 ஆனது என்று வையுங்கள். வித்தியாசம் 199,800,000, விநாடிக்கு 19.98 மெகாபைட். தொடர்ந்து நாலைந்து தடவை இப்படி வரம்போடு ஒட்டிய மட்டமான கோடாக வந்தால், வரம்பு பிடிக்கிறது. இயல்பான வன்தட்டு வேலை ஒருபோதும் இவ்வளவு நேராக ஓடாது, ஏறி இறங்கித்தான் போகும். இடைவெளியை ஒரு விநாடிக்குக் கீழே கொண்டு போகாதீர்கள். கேர்னல் சிறு சிறு நேரத் துண்டுகளாகப் பங்கிட்டு விடுவதால் எண் குதித்துக் குதித்துத் தெரியும்.

அதே நேரத்தில் அதே அடைவிலுள்ள ஐஓ.பிரஷர் கோப்பு. இதுதான் காத்திருப்பின் பக்கம். 4.20 கேர்னலிலிருந்து இருக்கிறது. “சம்” வரி, குழுவில் ஒருவராவது ஐஓவுக்காக நின்ற நேரம். “ஃபுல்” வரி, ஐஓவுக்காக ஆட்கள் நிற்கும்போது குழுவில் யாருமே வேலையை நகர்த்த முடியாமல் இருந்த நேரம். ஏவிஜி10, ஏவிஜி60 என்பவை கடந்த 10, 60 விநாடிகளின் வீதம். என் விருப்பம் கடைசியில் உள்ள டோட்டல்தான், ஏனென்றால் அது சராசரியில் கரையாது. மைக்ரோ விநாடியில் கூடிக்கொண்டே போகும். பத்து விநாடியில் டோட்டல் 8,400,000 கூடியிருந்தால், 84 வீத நேரம் காத்திருப்பு. இந்தக் கோப்பே காணவில்லையென்றால், சில விநியோகங்களில் தொடக்க வரியில் பிஎஸ்ஐ=1 என்று சேர்க்க வேண்டும். உபுண்டுவில் தேவையில்லை.

மூன்றாவது பக்கம் வன்தட்டு: ஐஓஸ்டாட் -எக்ஸ் 5. முதல் அறிக்கையைத் தள்ளிவிடுங்கள், அது மெஷின் தொடங்கியதிலிருந்தான சராசரி. பயன்பாட்டு வீதம், வாசிப்பு அவெயிட், எழுத்து அவெயிட், வரிசை நீளம் ஆகிய நான்கும் போதும். எஸ்எஸ்டி என்றால் பயன்பாட்டு வீதத்தை நம்பாதீர்கள். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைச் செய்யும் சாதனம் 100 வீதம் காட்டிக்கொண்டே இன்னும் இரண்டு மடங்கு தாங்கும். உங்களுடையது சுழலும் வன்தட்டு, அதனால் அந்த எண் பொருள் உள்ளது.

எழுத்து விஷயத்தில் பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. காப்பெடுக்கும் புரோகிராம் எழுதுவது நேரே வன்தட்டுக்குப் போவதில்லை. நினைவகத்தின் பக்கங்களில் விழுந்து, “அழுக்குப் பக்கம்” என்று குறிக்கப்பட்டு, பிறகு கேர்னலின் பின்னணிப் பணியாளான கேவொர்க்கர் வந்து வன்தட்டில் இறக்குகிறது. சிகுரூப் முதல் பதிப்பில் அந்த இறக்கம் எல்லாவற்றுக்கும் மேலான வேர்க் குழுவின் கணக்கில் போய்விடும், உங்கள் வரம்பு அதைத் தொடவே தொடாது. இரண்டாம் பதிப்பில் பக்கம் யாருடையதோ அவர் கணக்கில் சேரும். ஆனால் குழுவுக்கு மெமரி, ஐஓ இரண்டு கட்டுப்பாட்டாளர்களும் இயங்க வேண்டும். கோப்புமுறைமையும் ஒத்துழைக்க வேண்டும்: எக்ஸ்ட்2, எக்ஸ்ட்4, பிட்டிஆர்எஃப்எஸ், எஃப்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் ஒத்துழைக்கும். வேறு கோப்புமுறைமையில் கொட்டினால் எழுத்து மீண்டும் வேர்க் குழுவுக்கே போகும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். உங்கள் சேர்வரில் மைஎஸ்க்யூஎல் எடுத்தது போக ஏறக்குறைய 4 கிகாபைட் காலியாகவோ கோப்புக் கேஷாகவோ இருக்கும் என்று கொள்வோம். அழுக்குப் பக்க எல்லையின் இயல்பு அளவு 20 வீதம், பின்னணி இறக்கம் தொடங்குவது 10 வீதம். எழுதுபவரைக் கேர்னல் பிடித்து நிறுத்தத் தொடங்குவது இரண்டுக்கும் நடுவில், 15 வீதத்தில். அதாவது சுமார் 600 மெகாபைட். அதுவரை புரோகிராம் தன் முழு வேகத்தில் ஓடும், வரம்பே இல்லாதது போல. அதன்பிறகு பாலன்ஸ்-டர்ட்டி-பேஜஸ் என்ற செயற்பாட்டில் ஒவ்வொரு தடவையும் 200 மில்லி விநாடி வரை தூங்க வைக்கப்படும். புரோகிராம் “முடிந்தது” என்று சொன்ன பிறகும் மிச்சம் 600 மெகாபைட் இறங்க 30 விநாடி பிடிக்கும். எனவே புரோகிராம் காட்டும் முன்னேற்ற எண்ணை வைத்து வரம்பைச் சோதிக்கக் கூடாது. குழுவின் மெமரி.ஸ்டாட்டில் ஃபைல்-டர்ட்டி, ஃபைல்-ரைட்பேக் இரண்டையும் கூடவே பதியுங்கள். தேங்கி நிற்பது அங்கே தெரியும்.

இதுவரை பார்த்தவை சூழ்நிலைச் சாட்சியம். நேரடிச் சாட்சியம் வேண்டுமென்றால், பிளாக் அடுக்கில் நடப்பதைப் பதியும் பிஎல்கேட்ரேஸ். சாதனத்தைக் குறிப்பிட்டு, 30 விநாடிக்கு, வெளியீட்டைப் பைப் வழியாக, அதை வாசிக்கும் வடிவாக்கும் பிஎல்கேபார்ஸுக்கு அனுப்புங்கள். அதே வன்தட்டில் கோப்பாகச் சேமித்தால் அந்த எழுத்தையும் சேர்த்துப் பதிந்து, அளவே கெட்டுவிடும். வரும் வரிகளில் எம் குறியோடு த்ரொட்ல் என்ற சொல் உள்ளவற்றை மட்டும் வடிகட்டுங்கள். டபிள்யூ என்றால் எழுத்து, ஆர் என்றால் வாசிப்பு. பிடிஸ்ப் என்பது நடப்புத் துண்டில் விட்ட பைட், எஸ்இசட் நிறுத்தப்பட்ட பொதியின் அளவு, பிபிஎஸ் நீங்கள் வைத்த வரம்பு, கடைசியில் வரிசையில் நிற்கும் வாசிப்பு/எழுத்துப் பொதிகளின் எண்ணிக்கை. இப்படி ஒரு வரி வந்தாலே மட்டுப்படுத்தல் நடந்தது உறுதி. ரூட் அனுமதி வேண்டும், டிபக்எஃப்எஸ் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதுமென்றால், கேர்னலின் செயற்பாடுகளைக் கவனிக்கும் பிபிஎஃப்ட்ரேஸில் பிஎல்கே-த்ரொட்ல்-பயோ செயற்பாட்டின் திரும்பு மதிப்பை எண்ணலாம். உண்மை என்று திரும்பினால் அந்தப் பொதி நிறுத்தப்பட்டது. புதிய கேர்னல்களில் பெயரின் முன்னால் இரண்டு அடிக்கோடு சேரும், /ப்ரொக்/கால்சிம்ஸில் தேடிப் பார்த்து எழுதுங்கள். செயல்முறைப் பெயரை வைத்துப் பிரித்தால் எழுத்துகளுக்குக் கேவொர்க்கர் என்றே வரும், மேலே சொன்ன காரணத்தால். செயல்முறை வாரியாக ஐஓவைக் காட்டும் ஐஓடாப்பை நம்பி வந்தவர்களுக்கும் ஒரு குறிப்பு: 5.14 முதல் தாமதக் கணக்கு இயல்பாக அணைந்திருக்கும். கேர்னல்.டாஸ்க்-டிலேஅக்ட் மதிப்பை 1 ஆக்கினால்தான் அதன் ஐஓ நிரலில் எண் வரும்.

சரி, கிளாக்கர்மாரின் திரைக்கு வருவோம். காப்பெடுப்பு ஓடும் நேரத்தில் மைஎஸ்க்யூஎல்.சேர்விஸ் குழுவின் ஐஓ.பிரஷரையும் பாருங்கள். அது தாழ்வாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். தரவுத்தளம் ஐஓவுக்காக அதிகம் காத்திருக்கவில்லை, வன்தட்டும் 35 வீதத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் திரை நகரவில்லை. அப்படியானால் காத்திருப்பு வேறு எதற்கோ. மைஎஸ்க்யூஎல்லுக்குள் போய் ஷோ ப்ராசஸ்லிஸ்ட் கொடுங்கள். நிறுவைப் பதிவின் இன்சேர்ட் வரிகள் டேபிள் மெட்டாடேட்டா லொக்குக்காக (அட்டவணையின் பூட்டு) நிற்பது தெரிந்தால், விடை கிடைத்துவிட்டது.

உங்கள் காப்பெடுப்பு மைஎஸ்க்யூஎல்டம்ப் புரோகிராமால் நடக்கிறது என்று கொள்கிறேன். அது தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அட்டவணைகளைப் பூட்டிக்கொண்டே காப்பெடுக்கும். வன்தட்டிலிருந்து அட்டவணையை வாசிப்பது டம்ப் புரோகிராம் அல்ல, தரவுத்தளத்தை நடத்தும் மைஎஸ்க்யூஎல்டி. அது வேறு குழு, அதற்கு வரம்பு இல்லை. டம்ப் செய்வது, வாங்கியதைக் கோப்பில் எழுதுவது மட்டும். அந்த எழுத்தை நீங்கள் 20 மெகாபைட்டில் பிடித்ததும் டம்ப் மெதுவாகிறது, மைஎஸ்க்யூஎல்டி அதற்கு அனுப்புவதும் மெதுவாகிறது, பூட்டு அதுவரை திறக்காது. காப்பு 9 கிகாபைட் என்று கொண்டால், முன்பு விநாடிக்கு 50 மெகாபைட் வீதம் 180 விநாடி. இப்போது முதல் 600 மெகாபைட் நினைவகத்தில் விழுந்துவிட, மிச்சம் 8,400 மெகாபைட்டை 20 ஆல் வகுத்தால் 420 விநாடி. உங்கள் ஏழு நிமிடம் அதுதான். வன்தட்டைக் காப்பாற்றப் போட்ட வரம்பு பூட்டின் ஆயுளை நீட்டிவிட்டது.

திருத்தம் எளிது. அட்டவணைகள் இன்னோடிபி வகையென்றால் டம்புக்கு சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன் தெரிவைக் கொடுங்கள். பூட்டாமல், தொடங்கிய கணத்தின் நிலையைப் பிரதியெடுக்கும். அது ஓடும்போது அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளை எதையும் கொடுக்காதீர்கள். மைஐசாம் வகை அட்டவணை ஒன்றாவது மிஞ்சியிருந்தால் அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பூட்டு போனபின் 20 எம் வரம்பு நியாயமானதே, வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் நேரத்தையும் மாற்றுங்கள். அந்திக் கொழுந்து ஏறி முடிந்து காரியாலயம் பூட்டிய பிறகு, இரவு 9 மணிக்கு ஓடினால் இதில் பாதிச் சிக்கல் பிறக்கவே பிறக்காது.

காப்புக் கோப்பைத் தரவுத்தளம் இருக்கும் அதே எக்ஸ்ட்4 கோப்புமுறைமையில் எழுதாமல் இருப்பதும் முக்கியம். எக்ஸ்ட்4இன் ஜேர்னல் (மாற்றங்களை முன்கூட்டிப் பதியும் ஏடு) எல்லாக் குழுக்களுக்கும் பொது. வரம்பில் சிக்கிய குழுவின் தரவு இறங்கும்வரை ஜேர்னலின் ஒரு பதிவு காத்திருக்க நேர்ந்தால், தரவுத்தளத்தின் எஃப்சிங்க்கும் (தரவை வன்தட்டில் உறுதியாக இறக்கக் கேட்கும் அழைப்பு) அதன் பின்னால் வரிசையில் நிற்கும். இந்த வகையில் மைஎஸ்க்யூஎல்டியின் பிரஷர் ஏறும், வன்தட்டு சும்மா இருக்கும். லொக்கில் நிற்பதிலிருந்து பிரித்தறிய இந்த அடையாளம் போதும். தனி வன்தட்டு சிறந்தது, முடியாவிட்டால் தனிக் கோப்புமுறைமையாவது வேண்டும்.

வாசிப்புக்கு வரம்பு வைக்க நினைத்தால் சுழலும் வன்தட்டில் பைட் கணக்கு உதவாது. சிதறிய வாசிப்பில் இந்த வகை வன்தட்டு விநாடிக்கு நூறு தடவையை ஒட்டித்தான் தரும். இன்னோடிபியின் 16 கிலோபைட் பக்கமென்றால் அது 1.6 மெகாபைட். 20 மெகாபைட் வரம்பைத் தொடாமலேயே வன்தட்டு மூச்சுத் திணறும். ஆர்ஐஓபிஎஸ் என்ற எண்ணிக்கை வரம்பைப் பயன்படுத்துங்கள்.

நீங்கள் வைக்காமலே கேர்னல் தானாக மட்டுப்படுத்தும் இடமும் உண்டு. /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/க்யூ அடைவில் டபிள்யூபிடி-லேட்-யூசெக் கோப்பில் 75000 என்று இருந்தால், வாசிப்பின் தாமதத்தை 75 மில்லி விநாடிக்குள் வைத்திருக்கப் பின்னணி எழுத்தைக் கேர்னல் அடக்குகிறது. எஸ்எஸ்டிக்கு இயல்பு 2000. தொடாமல் விடுங்கள், உங்கள் மாதிரி சேர்வருக்கு அது நன்மைதான். எழுதும் செயல்முறை எங்கே நிற்கிறது என்று அறிய /ப்ரொக்/எண்/ஸ்டாக் வாசியுங்கள். டபிள்யூபிடி-வெயிட் தெரிந்தால் இது, பாலன்ஸ்-டர்ட்டி-பேஜஸ் தெரிந்தால் அழுக்குப் பக்க எல்லை.

மட்டுப்படுத்தல் போலவே தெரியும், ஆனால் கேர்னலுக்குச் சம்பந்தமில்லாத இரண்டை மலைநாட்டில் கட்டாயம் கவனிக்க வேண்டும். ரெய்ட் கார்டு (பல வன்தட்டுகளைச் சேர்த்தாளும் கார்டு) உள்ள சேர்வரில், அடிக்கடி கரண்ட் போய் அதன் பற்றரி இறங்கினால், கார்டு எழுத்துக் கேஷைத் தானாக நிறுத்திவிடும். எழுத்து பல மடங்கு மெதுவாகும். ஆனால் அப்போது அவெயிட்டும் பயன்பாடும் சேர்ந்தே ஏறும். அடுத்தது என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகை. ஸ்டோரின் (தொழிற்சாலை) தேயிலைத் தூசு மின்விசிறியை அடைத்துச் சூடேறினால் சாதனமே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்விஎம்இ ஸ்மார்ட்-லொக்கில் வெப்ப மேலாண்மை மாற்ற எண்ணிக்கை கூடியிருந்தால் அதுதான் காரணம். உயரத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சாதாரண வன்தட்டுகளின் இயக்க எல்லை 3,048 மீற்றர், பிதுருதலாகலையின் உச்சியே 2,524 தான்.

தொடர்ந்து கண்காணிக்க: காப்பெடுப்பு, மைஎஸ்க்யூஎல் இரண்டு குழுக்களின் ஐஓ.ஸ்டாட், ஐஓ.பிரஷர், காப்பெடுப்பின் மெமரி.ஸ்டாட், ஐஓஸ்டாட்டின் ஒரு வரி ஆகியவற்றைப் பத்து விநாடிக்கு ஒருமுறை நேர முத்திரையோடு ஒரு கோப்பில் சேர்க்கும் சிறு ஸ்கிரிப்ட் போதும். சேவை நின்றதும் அதன் சிகுரூப் அடைவு எண்களோடு சேர்ந்து மறைந்துவிடும். ஆகவே கடைசி எண்ணைக் காப்பெடுக்கும் ஸ்கிரிப்டின் இறுதி வரியிலேயே எடுத்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல்.சேர்விஸுக்கு ஐஓஅக்கவுண்டிங்=யெஸ் (இதில் மட்டும் ஐ, ஓ, ஏ மூன்றும் பேரெழுத்து) கொடுத்தால் அதன் ஐஓ.ஸ்டாட் எப்போதும் இருக்கும். கொடுக்காவிட்டால், பக்கத்துச் சேவைக்கு வரம்பு நடைமுறையில் உள்ள நேரத்தில் மட்டும் அந்தக் கோப்பு தோன்றி மறைந்து உங்களைக் குழப்பும். எச்சரிக்கை மைஎஸ்க்யூஎல் குழுவின் பிரஷருக்கு மட்டும் வையுங்கள்: “சம்” ஏவிஜி60 பத்து வீதத்தைத் தாண்டினால் பார்க்கலாம். காப்பெடுப்பின் பிரஷர் 90க்கு ஏறினாலும் அது நீங்கள் கேட்டு வாங்கிய காத்திருப்பு, அதற்கு மணி அடிக்கத் தேவையில்லை.